‘ரன்’: ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. நம்மில் பலரும் இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பேசத் தொடங்கிவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் ஆங்கிலச் செய்தித்தாளைப் பிரித்தால், வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், மூக்கு ‘ரன்’ ஆகிறது, கடையை யாரோ ‘ரன்’ செய்கிறார்கள், பால் ‘ரன் அவுட்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலம் பழகுபவர்கள் இதில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

‘ரன்’ என்ற சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் 645. பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள் இதில் சேரவில்லை. இந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது. 2011இல் இது செய்தியாகவே வந்தது.

அதற்கு முன்னால் இந்தப் பெருமை ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள்கள். பழைய பொது அறிவுப் புத்தகங்களில் இன்னமும் ‘செட்’தான் முதலிடத்தில் இருக்கும்.

645 என்றதும் மிரள வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 645 பொருள்கள் அல்ல. ஒரே கருத்தின் சின்னச் சின்ன வேறுபாடுகளையும், ‘ரன் அவே’, ‘ரன் ஓவர்’ போன்ற கூட்டுகளையும், வழக்கொழிந்த பழைய பயன்பாடுகளையும் அகராதி தனித்தனியாக எண்ணுகிறது.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ‘ரன்’ என்றால் ‘கால்களால் வேகமாக ஓடுவது’ என்று மட்டும் மனதில் பதிந்துவிடுவதால்தான் மற்றதெல்லாம் புதிராகத் தெரிகிறது. இந்தச் சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தின் ‘ரின்னன்’. ஓடுவதற்கும் அதே சொல், நீர் பாய்வதற்கும் அதே சொல். அதன் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: ஆள் ஓடினால் ‘ரென்னென்’, நீர் வழிந்தோடினால் ‘ரின்னென்’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஆகவே, ‘தடைபடாமல் ஒரு போக்கில் தொடர்ந்து செல்வது’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர், தண்டவாளத்தில் ரயில், மலையடிவாரம் வழியே போகும் சாலை, அரங்கில் தினமும் நடக்கும் நாடகம், மூன்று வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம், கணினியில் வேலை செய்யும் மென்பொருள் எல்லாமே ‘ரன்’ ஆவது இதனால்தான். கடிகாரம், நீராவி எஞ்சின், ரயில், மோட்டார், கணினி என்று ஒவ்வொரு இயந்திரம் வந்தபோதும், இது நிற்காமல் வேலை செய்கிறது என்று சொல்ல ஆங்கிலக்காரர்கள் புதுச்சொல் தேடவில்லை. பழைய ‘ரன்’னையே எடுத்துக்கொண்டார்கள். பொருள்கள் இத்தனை பெருகியதற்கு இயந்திரங்கள் ஒரு பெரிய காரணம்.

தமிழ் ‘ஓடு’ இதற்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நாம் நினைப்பதைவிட அதிக தூரம். ஆங்கிலம் சொல்லித்தருபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம். தமிழ் பேசுபவர்களுக்கு இந்தச் சொல்லில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஆறு ஓடுகிறது. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, மதுரைக்கு பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ஒரே யோசனை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, பாட்டு அவர்கள் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிறது. இவை ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் அப்படியே ‘ரன்’ போட்டுச் சொல்லலாம்.

பெயர்ச்சொல்லிலும் இதே கதைதான். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்க்கிறோமே, அந்த வெள்ளோட்டம்தான் ஆங்கிலத்தின் ‘ட்ரையல் ரன்’. கப்பலுக்கும் அதே சொல்லைச் சொல்வதுண்டு. மெட்ரோ ரயிலுக்குச் ‘சோதனை ஓட்டம்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

அப்படியானால் ‘ட்ரை ரன்’ என்பது?

அது கொஞ்சம் வேறு. ட்ரையல் ரன்னில் உண்மையான தேர், உண்மையான சக்கரம், உண்மையான வீதி. ட்ரை ரன்னில் முக்கியமான பொருள் இருக்காது, மற்ற எல்லாம் நடக்கும். 2021 ஜனவரி 2 அன்று நாடு முழுவதும் கொரோனா தடுப்பூசிக்கு ஒரு ட்ரை ரன் நடந்தது நினைவிருக்கலாம். பெயர் பதிந்தார்கள், காத்திருக்க வைத்தார்கள், அறை மாற்றி உட்காரவைத்தார்கள். ஊசிமருந்து மட்டும் செலுத்தவில்லை. தமிழ்ச் செய்திகள் அதை ‘ஒத்திகை’ என்று எழுதின. சரியான சொல்.

‘ஓடு’ எங்கே கைவிடும்?

சில முக்கியமான இடங்களில்.

முதலாவது, பொறுப்பேற்று நடத்துவது. ஆங்கிலக்காரர் ஹோட்டலை ‘ரன்’ செய்கிறார். தமிழர் ஹோட்டல் நடத்துகிறார். அங்கே ஓட்டம், இங்கே நடை. ‘ஓட்டு’ என்ற சொல்லும் நம்மிடம் உண்டு, ஆனால் ‘ஏதோ கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்றால் சிரமப்பட்டுச் சமாளிக்கிறேன் என்ற தொனி வந்துவிடும். ஆங்கில ‘ரன்’னில் அந்தத் தொனி கிடையாது. ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் அவர் பள்ளியை நிர்வகிக்கிறார் என்று மட்டுமே அர்த்தம்.

அடுத்தது தேர்தல். தமிழில் வேட்பாளர் ‘நிற்கிறார்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ‘ஸ்டாண்ட்’, அதாவது நிற்கத்தான் செய்கிறார். அமெரிக்காவிலோ ‘ரன்’, ஓடுகிறார். தேர்தலை அவர்கள் பந்தயமாகப் பார்க்கிறார்கள். துணை அதிபர் வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்பார்கள். இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘கான்டெஸ்ட்’ என்று எழுதி இரண்டுக்கும் நடுவில் போகின்றன.

அப்புறம் கசிவதும் வழிவதும். மூக்கு ‘ரன்’ ஆனால் நமக்கு ஒழுகுகிறது. துவைக்கும்போது துணியின் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. முட்டையின் மஞ்சள் கரு ‘ரன்னி’ என்றால் வேகாமல் தளதளவென்று இருக்கிறது. ஹாஃப் பாயில் கேட்கிறவருக்கு வேண்டியது அதுதான். பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் நூல் பிரிந்து நீளமாகக் கோடு விழுந்தால் அமெரிக்காவில் அதுவும் ‘ரன்’. பிரிட்டனில் அதை ஏணி என்று பொருள்படும் ‘லேடர்’ என்பார்கள்.

காய்ச்சலைச் சொல்லாமல் விடக்கூடாது. ‘தி சைல்ட் இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் குழந்தை எங்கும் ஓடவில்லை, காய்ச்சலில் படுத்திருக்கிறது.

கிரிக்கெட்டில் ஓடாமலேயே ரன் வருகிறதே, அதை ஏன் ரன் என்கிறார்கள்?

முதலில் எல்லா ரன்னும் ஓடித்தான் வந்தது. இரண்டு பேட்டர்களும் இடம் மாறி மறுமுனைக் கோட்டைத் தொட்டால் ஒன்று. பழைய காலத்தில் கணக்கெழுதுபவர் கையில் ஒரு குச்சி இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதில் ஒரு வெட்டு. அதனால் ரன்னுக்கு அந்த வெட்டைக் குறிக்கும் ‘நாட்ச்’ என்ற பெயரும் இருந்தது. பின்னர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் 4, தரைபடாமல் தாண்டினால் 6, வைட் போட்டால் 1 என்று ஓடாமலே கிடைப்பவையும் சேர்ந்தன. பெயர் மட்டும் பழையதே நிலைத்துவிட்டது.

ஒரு ரன்னுக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டால் பலரும் 22 கஜம் என்பார்கள். அது ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே உள்ள தூரம், சுமார் 20 மீட்டர். பேட்டர் தொட வேண்டியது ஸ்டம்பை அல்ல. ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இரண்டு பக்கமும் உள்ள கோட்டைத் தாண்டினால் போதும். 66 அடியில் 8 அடி கழிந்தால் 58 அடி, சுமார் 17.7 மீட்டர். ரன் அவுட் விரலிடை வித்தியாசத்தில் தீர்மானமாகும்போது அந்தக் கோட்டைத்தான் கேமரா பெரிதாக்கிக் காட்டுகிறது.

பேஸ்பாலிலும் ‘ரன்’ உண்டு. அங்கே நான்கு தளங்களையும் சுற்றி வந்தால்தான் ஒன்று. ஒவ்வொரு தளத்துக்கும் இடையே 90 அடி, ஆக ஒரு ரன்னுக்கு 360 அடி, கிட்டத்தட்ட 110 மீட்டர். அமெரிக்க ஆட்டத்தில் மொத்த ரன் மூன்று, நான்கு என்று இருப்பதைப் பார்த்து நம்மவர்கள் ஆச்சரியப்படுவதற்கு இது மட்டுமே காரணம் இல்லை என்றாலும், இரண்டு ‘ரன்’னும் ஒரே அளவு அல்ல என்று தெரிந்துகொள்வது நல்லது.

பந்து வீசுபவர் ஓடி வருவது ‘ரன் அப்’. இதையே அரசியல் செய்திகளில் பார்க்கலாம். ‘இன் தி ரன் அப் டு தி எலெக்‌ஷன்’ என்றால் தேர்தலுக்கு முந்தைய நாட்களில்.

‘புல் ரன்’ என்று ஒரு இடத்தில் போர், ஒரு இடத்தில் பங்குச்சந்தை, ஒரு இடத்தில் மாடு என்று வருகிறதே?

மூன்றும் வேறு வேறு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 ஜூலையிலும் 1862 ஆகஸ்டிலும் ‘புல் ரன்’ என்ற இடத்தில் இரண்டு பெரிய போர்கள் நடந்தன. இரண்டிலும் வடக்குப் படை தோற்றது. இடம் வர்ஜீனியாவில், தலைநகர் வாஷிங்டனுக்குத் தென்மேற்கே. இதில் ‘ரன்’ என்றால் ஓடை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சின்ன ஓடைகளுக்கு ‘ரன்’ என்று முடியும் பெயர்கள் ஏராளம். வடக்கத்தியர் போர்களுக்கு ஆறு, ஓடைகளின் பெயரையும் தெற்கத்தியர் பக்கத்து ஊரின் பெயரையும் வைப்பது வழக்கம். அதனால் தெற்கே இதே போர்களுக்கு மனாசஸ் என்று பெயர். ‘ரன்’ என்பதன் வேரில் நீர் இருக்கிறது என்று மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பங்குச்சந்தையில் ‘புல்’ என்றால் விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர். அங்கே ‘புல் ரன்’ என்றால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். தமிழ் வணிகப் பக்கங்களில் ‘காளையின் ஆதிக்கம்’ என்று எழுதுவது இதைத்தான்.

உண்மையான மாடுகள் ஓடுவது ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில். ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலையில் காளைகளைத் தெரு வழியே ஓட விடுகிறார்கள், மக்கள் முன்னால் ஓடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதைப் பெரும்பாலும் ‘ரன்னிங் ஆஃப் தி புல்ஸ்’ என்பார்கள்.

‘பேங்க் ரன்’ என்றால் வங்கி நடத்துவதா?

நேரெதிர். வங்கி கவிழ்ந்துவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடுவதுதான் ‘பேங்க் ரன்’ அல்லது ‘ரன் ஆன் தி பேங்க்’. எந்த வங்கியும் வாங்கிய பணத்தை முழுவதும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள வங்கிகூட இப்படி ஒரு ஓட்டத்தில் சாய்ந்துவிடலாம்.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே மக்கள் வரிசையில் நின்றார்கள். 1866க்குப் பிறகு அந்த நாட்டில் நடந்த முதல் பேங்க் ரன் என்று அது பேசப்பட்டது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் உத்தரவிட்டார்கள். பெரும்பாலும் வரிசையே இல்லை, கைபேசியிலும் கணினியிலும் முடிந்துவிட்டது. மறுநாள் வங்கி மூடப்பட்டது.

‘ரன்’னோடு ஒட்டிவரும் குட்டிச் சொற்களில்தான் குழம்புகிறேன். எதை முதலில் பிடிப்பது?

தினப்பேச்சில் அதிகம் வருபவை கொஞ்சம்தான்.

‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. ஆளை முன்னால் வைத்தால் ‘ஆஃப்’ சேரும்: ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. அந்த ‘ஆஃப்’பை விட்டுவிடுவது நம்மிடையே மிகப் பரவலான தவறு. முழுக்கத் தீராமல் குறைந்துகொண்டு வந்தால் ‘ரன்னிங் லோ’.

‘ரன் இன்ட்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. ஆனால் வண்டி மரத்தில் ‘ரன் இன்ட்டு’ ஆனால் மோதிவிட்டது. செலவு லட்சக்கணக்கில் ‘ரன்ஸ் இன்ட்டு’ என்றால் அந்த அளவைத் தொடுகிறது.

‘ரன் ஓவர்’ விஷயத்தில் கவனம் வேண்டும். கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். நாயை ஒரு கார் ‘ரன் ஓவர்’ செய்தால் ஏற்றிவிட்டது. குறிப்புகளை ஒருமுறை ‘ரன் ஓவர்’ செய்வது மேலோட்டமாகப் பார்த்துக்கொள்வது.

‘ரன் டவுன்’ பேட்டரிக்குச் சொன்னால் சார்ஜ் இறங்கிவிட்டது, கட்டடத்துக்குச் சொன்னால் பாழடைந்தது, மனிதருக்குச் சொன்னால் களைத்து உடல்நலம் குன்றியவர். ஒருவரை இன்னொருவர் ‘ரன் டவுன்’ செய்கிறார் என்றால் மட்டம்தட்டிப் பேசுகிறார்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: ‘லெட் மீ ரன் திஸ் பை மை மேனேஜர்’ என்றால் ‘மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்’. மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம்.

ரன், ரான், ரன்: இதில் எது எங்கே?

நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரான்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’, ‘பீன்’ போன்றவற்றோடு மறுபடி ‘ரன்’. ‘ஐ ஹேவ் ரான்’ தவறு, ‘ஐ ஹேவ் ரன்’ சரி. ‘ரன்ட்’ என்று ஒரு வடிவமே கிடையாது.

இதனால் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். ‘எ ஸ்கூல் ரன் பை தி சர்ச் க்ளோஸ்ட்’ என்று ஒரு வரி. முதல் பார்வையில் பள்ளி ஓடியது போலத் தோன்றும். இங்கே ‘ரன் பை’ என்றால் ‘ஆல் நடத்தப்படும்’. தேவாலயம் நடத்திய பள்ளி மூடப்பட்டது என்று அர்த்தம். ஒரு பெயருக்குப் பின்னால் ‘ரன் பை’ வந்து அதற்கப்புறம் இன்னொரு வினைச்சொல்லும் வந்தால், இப்படித்தான் வாசிக்க வேண்டும். ‘தி ஸ்கூல் ரன்’ என்பது வேறு: காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் பயணத்துக்குப் பிரிட்டனில் அந்தப் பெயர்.

நம்மூரில் சொல்லும் ‘ரன்னிங்’ எல்லாம் சரியான ஆங்கிலமா?

‘ரன்னிங்ல ஏறாதீங்க’ என்று பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் போடுவது ஆங்கில வாக்கியம் அல்ல, தமிழுக்குள் வந்து தமிழாகவே ஆகிவிட்ட சொல். அதை ஆங்கிலத்தில் ‘டோன்ட் கெட் ஆன் வைல் தி பஸ் இஸ் மூவிங்’ என்று சொல்ல வேண்டும். ‘ரன்னிங் ரேஸ்’ இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டில் ‘ரேஸ்’ மட்டும் போதும். பழைய வண்டி விளம்பரத்தில் வரும் ‘குட் ரன்னிங் கண்டிஷன்’ எங்கு போனாலும் செல்லும். ரயில்வேயில் ‘ரன்னிங் ரூம்’ என்று ஒன்று உண்டு. ஓட்டப்பயிற்சிக் கூடம் அல்ல, வெளியூரில் பணி முடித்த ரயில் ஓட்டுநர்களும் கார்டுகளும் தூங்கி எழும் ஓய்வறை. வண்டியோடு ஓடும் பணியாளர்களை அங்கே ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்பார்கள்.

இவை எதையும் கேலி செய்ய வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பயன்படுத்தினால் போதும்.

‘இன் தி லாங் ரன்’ எங்கே வரும்?

‘நாள்பட’, ‘கடைசியில் பார்த்தால்’ என்று சொல்லும் இடங்களில். பொருளாதார நிபுணர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1923இல் எழுதிய ஒரு வரியால் இது இன்னும் பிரபலமானது: நீண்ட காலத்தில் நாம் எல்லோருமே செத்துப்போயிருப்போம். எல்லாம் தானாகச் சரியாகிவிடும், பொறுத்திருங்கள் என்று சொன்ன பொருளாதார அறிஞர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. இன்று கஷ்டப்படுபவருக்கு இன்றே வழி சொல்லுங்கள் என்பது அவர் கட்சி.

‘ரன் அமோக்’, ‘ரன்னர் அப்’, ‘சிக்கன் ரன்’?

‘அமோக்’ மலாய்ச் சொல். மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: வெறிபிடித்து எதிர்ப்பட்டவரை எல்லாம் தாக்குவது. ஆங்கிலம் அதை எடுத்து ‘ரன்’னோடு சேர்த்துக்கொண்டது. இப்போது கட்டுப்பாடில்லாமல் ஆட்டம் போடும் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்கிறார்கள்.

‘ரன்னர் அப்’ இறுதிப்போட்டியில் தோற்று இரண்டாம் இடம் பெற்றவர். பன்மை ‘ரன்னர்ஸ் அப்’, ‘ரன்னர் அப்ஸ்’ அல்ல. பரிசுக் கோப்பையில் பெயர் பொறிப்பவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

‘சிக்கன் ரன்’ கோழிகள் நடமாட வலை கட்டி விட்டிருக்கும் அடைப்பு. கூண்டைவிடப் பெரியது, ஒரு பக்கம் கூட்டோடு சேர்ந்திருக்கும்.